சென்னியப்பன் குடித்த கந்தகப் புகை

கோட்டாங்குறிச்சிச் சென்னியப்பனுக்கு மனிதர்கள்மேல் மதிப்பு கிடையாது. எலிமேல் கொஞ்சம் இருந்தது. பிளேக் வந்தால் எலி தன் பொந்தை விட்டு வெளியே வந்து, நடு வீட்டில் எல்லோரும் பார்க்க விழுந்து சாகும். ஓடிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாகிற மாதிரி இருக்கும். மனிதனிடம் அந்த யோக்கியதை இல்லை என்பது, பிளேக் கும்பலுக்கு ஆறு வருஷம் மேஸ்திரியாக இருந்து அவன் கண்டுகொண்டது.

அவனுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் கல். மூன்று வருஷம் தொடர்ந்து கல்லே விளைந்ததால், ஊர் யூனியன் போர்டில் பிளேக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம் அது. சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். காடு தோட்டம் வைத்திருக்கிற குடியில் பிறந்தவன் செத்த எலியை இடுக்கியில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் திரிகிறானே என்று பேசினார்கள். விசேஷங்களில் அவனுக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள். அவரவர் வீட்டில் எலி விழுந்த அன்று, பொழுது விடிவதற்குள் அவன் வாசலில் வந்து நின்றதும் அதே ஆட்கள்தான்.

“சென்னியப்பா, சாமி, மொதல்ல நம்மூட்டுக்கு வந்துட்டுப் போ சாமி.”

“வாரேன், வாரேன். கடைசிப் பந்திக்காரன் மொதல்ல வாரதுக்கு இதுலயாவது ஒரு வழி இருக்குதே” என்பான். முகம் கொடுத்துப் பேச மாட்டான். ஆனால் போய்விடுவான்.

வேலை இதுதான். எலி விழுந்த தெருவைக் காலி செய்யச் சொல்லிப் போர்டு உத்தரவு போடும். ஜனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காட்டில் ஓலைக் கொட்டாய் போட்டுக் குடியிருக்கப் போய்விடுவார்கள். கும்பல் ஒவ்வொரு வீடாகப் புகுந்து சன்னல், சந்து, பொந்து எல்லாவற்றிலும் பசை தடவிக் காகிதம் ஒட்டும். நடு வீட்டில் இரும்புச் சட்டியில் நெருப்புக் கங்கைப் பரப்பி, அதன்மேல் கந்தகத்தைக் கொட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவர வேண்டும். பிறகு கதவைச் சாத்தி அதன் இடுக்கிலும் காகிதம். ஒரு நாள் முழுக்கப் புகை உள்ளேயே நிற்கும். எலி, தெள்ளுப்பூச்சி, பல்லி, பாச்சை எதுவும் மிஞ்சாது.

புகை தாக்காமல் இருக்க மூக்கில் மாட்டுகிற முகமூடி இரண்டு வாங்கியிருந்தார்கள். ஒன்று பிரசிடெண்டு அறையில் பீரோவுக்குள் இருந்தது. மேலதிகாரி யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. இன்னொன்றைச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வீரபாகு தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு பூச்சாண்டி காட்டி விளையாடினார்கள். உள்ளே போகிறவனுக்கு ஈரத்துண்டு. அதுவும் அவனவன் சொந்தத் துண்டு.

இருபத்தைந்தாம் வருஷம் தை மாசத்தில் மேலத் தெருவில் எலி விழுந்தது. அந்தத் தெருவில் பெரிய வீடு அர்த்தநாரிக் கவுண்டருடையது. நாற்பது ஏக்கர் தோட்டம், மூன்று கிணறு, போர்டில் மெம்பர். பிளேக் கும்பல் வீடு புகுந்து திருடுகிறது என்று ஊரில் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். குடும்பத்தைக் கொட்டாய்க்கு அனுப்பினார். கோர்ட்டு வேலையாகச் சேலத்துக்குப் போகிறேன் என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு வண்டி கட்டிப் புறப்பட்டார். ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை விட்டு இறங்கி, கொல்லை வழியாகத் தன் வீட்டுக்கே திரும்பி வந்தார். திருட வருகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க, ராகி கொட்டி வைத்திருந்த மண்குதிருக்குள் நகைப் பெட்டியோடு இறங்கிக் குந்திக்கொண்டார். கந்தகம் எலிக்குத்தான் விஷம், மனிதனை ஒன்றும் செய்யாது என்று போர்டு கூட்டத்தில் வீரபாகு சொல்லியிருந்தார். சொன்ன ஆள் மடையன். நம்பின ஆள் குதிருக்குள்.

சென்னியப்பன் சட்டியில் கந்தகத்தைக் கொட்டிவிட்டு வெளியே வந்து, அன்வர் பாட்சாவோடு சேர்ந்து வாசல் கதவுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். அன்வர் பாட்சா கடைவீதியில் குடை ரிப்பேர் செய்கிறவன். மழையில்லாத மாசங்களில் பிளேக் வேலைக்கு வருவான்.

“மேஸ்திரி, உள்ள ஏதோ கத்துது” என்றான் அவன்.

“எலியா இருக்கும்.”

“எலி ‘ஐயோ, அம்மா’ன்னு கத்துமா மேஸ்திரி?”

சென்னியப்பன் காகிதத்தைக் கிழித்துக் கதவைத் தள்ளினான். துண்டு அதற்குள் காய்ந்திருந்தது, நனைக்க நேரமில்லை. உள்ளே சட்டியில் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சத்தம் வந்த திக்கில் தடவிக்கொண்டு போனான். குதிருக்குள் இறங்கத் தெரிந்த கவுண்டருக்கு ஏறத் தெரியவில்லை. கையைக் கொடு என்றால், ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருக்கிறார். பெட்டியைக் கொடு என்றால் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார். திருடன் கையில் எப்படிக் கொடுப்பது! அந்தப் புகை கனமானது. தாழ இறங்கிக் குதிர் மாதிரி இடத்தில்தான் போய் நிறையும். சென்னியப்பன் வெளியே ஓடிவந்து இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, கடப்பாரையோடு மறுபடி உள்ளே போனான். குதிரை உடைத்தான். கொட்டின ராகியோடு கவுண்டரும் சரிந்து வந்தார். காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வாசலில் கொண்டுவந்து போட்டான்.

அன்வர் பாட்சா தண்ணீர் அடித்தான். கவுண்டர் கண்ணைத் திறந்ததும் கேட்டது, “பொட்டி எங்கடா?”

சென்னியப்பன் மூன்றாம் தடவை உள்ளே போனது அந்தப் பெட்டிக்காக.

“அதுக்கு எதுக்குடா போனேன்னு எனக்கே இன்னும் வெளங்கல, பாட்சா” என்று பிற்பாடு பலதரம் சொல்லியிருக்கிறான். ஊரில் யாரையும் மதிக்காத அவன், தன்னையும் மதிக்காமல் போனதற்கு அந்த மூன்றாம் தடவைதான் காரணம்.

காலி செய்யச் சொன்ன வீட்டுக்குள் இருந்தால் அபராதம் உண்டு. அதை விட, குதிருக்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள் என்று தெரிந்தால் மெம்பர் எப்படித் தெருவில் நடப்பது? அர்த்தநாரிக் கவுண்டர் வந்த கொல்லை வழியாகவே போய், மூன்று நாள் தோட்டத்துச் சாளைக் குடிசையில் படுத்திருந்துவிட்டு, நாலாம் நாள் ‘சேலத்திலிருந்து’ வந்து சேர்ந்தார். வந்ததும் போர்டில் ஒரு புகார் கொடுத்தார்: பிளேக் கும்பல் தன் குதிரை உடைத்து ராகியைப் பாழ் பண்ணிவிட்டது. போர்டு விசாரித்து, சென்னியப்பன் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது.

அன்று பிடித்த இருமல் விடவே இல்லை. வைகாசியில் ஏர் பிடிக்க முடியவில்லை. அடுத்த தையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி வைத்தால் ஈரல் வெளியே வந்துவிடும்போல் இரைத்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கினான். இருமுகிறவனை வைத்து வேலை வாங்க முடியாது என்று போர்டு அவனை நிறுத்திவிட்டது. போர்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கு இரண்டு வியாதிதான் தெரியும்: இருமினால் காசம், இருமாவிட்டால் காய்ச்சல். குழாயை நெஞ்சில் வைத்த மாதிரியும் வைக்காத மாதிரியும் வைத்துவிட்டு, சீட்டில் காசம் என்று எழுதிக் கொடுத்தார்.

கூலிக்காரனுக்கு வேலையில் கேடு வந்தால் வேலை கொடுத்தவர்கள் நஷ்டஈடு தர வேண்டும் என்று சர்க்கார் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. அதைக் கடைவீதியில் யாரோ பேசக் கேட்டு வந்து சொன்னவன் அன்வர் பாட்சா. அவனே ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து மனு எழுதி வாங்கினான். இது காசம் அல்ல, போர்டு வேலையில் குடித்த கந்தகப் புகையால் வந்த கேடு, ஆகையால் மாசம் நாலு ரூபாய் ஜீவனத்துக்குத் தர வேண்டும் என்று மனு.

மனுவைப் போர்டு கூட்டத்தில் எடுத்தார்கள். மெம்பர்கள் பதினோரு பேர். பதினோரு பேரையும் சேர்த்துப் பிசைந்தாலும் ஒரு ஆள் தேறாது என்பது சென்னியப்பன் அபிப்பிராயம். அவனை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தே விசாரித்தார்கள்.

“ஏனுங்க வீரபாகு, கந்தகம் மனுசனுக்கு விஷமா?” என்று பிரசிடெண்டு கேட்டார்.

“மருந்துங்க! சொறி செரங்குக்குப் பூசறதில்லீங்களா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பூசறதுக்கும் குடிக்கறதுக்கும் வித்தியாசம் இல்லீங்களா?” என்றான் வெளியே நின்ற சென்னியப்பன். “வெளக்கெண்ணெயத் தலைக்குந்தான் வெக்கறோம். அதையே ஒரு படி குடிச்சுட்டு வந்து சபையில குந்திப் பாருங்க.”

இரண்டு மூன்று மெம்பர்கள் சிரித்துவிட்டு, பிரசிடெண்டு சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

“கதவச் சாத்துனதுக்கப்பறம் உன்ன ஆரு உள்ள போகச் சொன்னது?” என்று பிரசிடெண்டு கேட்டார்.

“ஆரும் சொல்லலீங்க. உள்ள ஆளு இருந்துதுங்க.”

“ஆரு?”

சென்னியப்பன் கையை நீட்டிக் காட்டினான். மற்ற பத்துப் பேரும் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அர்த்தநாரிக் கவுண்டர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“நான் அன்னிக்குச் சேலத்துல இருந்தனுங்க. ஊருக்கே தெரியும்.”

“நான் பாத்தனுங்க!” என்று அன்வர் பாட்சா முன்னால் வந்தான். “மொகத்துல தண்ணி அடிச்சதே நான்தானுங்க.”

“நீயும் அந்தக் கும்பல்ல இருந்தவன். உன்ற சாட்சி செல்லாது” என்றார் பிரசிடெண்டு. பிறகு ரொம்பப் பெரிய மனசு பண்ணுகிறவர்போல் குரலைத் தாழ்த்தினார். “இத பாரு சென்னியப்பா. போர்டும் கருணை இல்லாதது இல்ல. எனக்குக் காசந்தான், வேலையில வந்ததில்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. தரும நிதியில இருந்து நாப்பது ரூவா தரச் சொல்றேன்.”

சென்னியப்பன் வீட்டில் அப்போது நாற்பது காசு கிடையாது. பெண்டாட்டி குப்பாயி களையெடுக்கப் போய்க் கொண்டுவருகிற கூலியில் அடுப்பு எரிந்தது. ஆனால் அவனுக்குப் பூவாத்தாள் என்று பதினாறு வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளியங்கிரி என்பவர் தன் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார். காசம் குடிவழியாக வரும் என்று நம்பிய காலம். அப்பன் காசக்காரன் என்று போர்டு காகிதத்திலேயே ஏறிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை ஒருவனும் கட்ட மாட்டான். வியாதிக்கு என்ன பேர் எழுதுகிறார்கள் என்பதில் அவளுடைய வாழ்வே தொங்கிக்கொண்டிருந்தது.

“நாப்பது ரூவாய்க்கு என்ற நெஞ்ச விக்கலாமுங்க” என்றான் சென்னியப்பன். “என்ற புள்ளையவும் சேத்து விக்கறதுக்குப் பத்தாதுங்க.” இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும் வரையில் பதினோரு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மனுமேல் முடிவைப் போர்டு தள்ளி வைத்தது. காசம் என்ற பேச்சு, அவன் வீடு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே வெள்ளியங்கிரி காதுக்குப் போய்விட்டது. எட்டு நாளைக்குள் ஆள் வந்தார். அவர் மாடு வாங்கினால் பல்லைப் பார்த்து, வாலைப் பிடித்து, அதன் தாய் எந்தப் பட்டி என்று கேட்டு, அதற்கப்புறம் நாளைக்கு வருகிறேன் என்று போகிற மனிதர். குப்பாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. சம்பந்தம் பேசுகிற வீட்டில், மனசு ஒப்பினால்தான் கை நனைத்துச் சாப்பிடுவார்கள்.

“காசமில்ல, பொகைதான்னு சொல்றீங்க. செரி” என்றார். “அதுக்கு ஆருங்க சாட்சி?”

“நான் காப்பாத்துன ஆளுதான் சாட்சி.”

“அந்த ஆளு இல்லீங்கறாரே.”

“அந்த ஆளு மனுசனா இருந்தா ஆமாம்பாருங்க.”

“மனுசனுக்கு நான் எங்கீங்க போறது?” என்று வெள்ளியங்கிரி எழுந்துகொண்டார். செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. உள்ளே பூவாத்தாள் பாத்திரங்களை வேண்டாத சத்தத்தோடு உருட்டினாள்.

ஆனாலும் வெள்ளியங்கிரிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. உழைக்கிற பெண், சீர் பேசி இழுத்தடிக்காத வீடு. அடுத்த சந்தையில் மாட்டுக் கொட்டகை ஓரம் அர்த்தநாரிக் கவுண்டரைப் பார்த்ததும், பத்துப் பேர் நடுவில் நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏனுங்க கவுண்டரே, சென்னியப்பன் உங்களக் குதிருக்குள்ள இருந்து எடுத்தாருங்கறாரே, நெசமுங்களா?”

சுற்றி நின்றவர்கள் மாட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். கவுண்டருக்கு நெற்றி வேர்த்தது. ஆனால் போர்டில் பழகின வாய்.

“அவன் சொல்றது நெசம்னா அறுபதாம்படியில ஏறி நின்னு சொல்லட்டுமுங்க. நான் ஒத்துக்கறேன். ஆனா ஆளு மேல குந்திக்கிட்டு வரப்படாது. சத்தியம் பண்றவன் சொந்தக் கால்ல ஏறோணும்.”

திருச்செங்கோட்டு மலையில் சில நூறு படி ஏறி, நாகர் பள்ளத்தையும் தாண்டிப் போனால் அறுபது படிகள் ஒரே கொத்தாக வரும். அறுபதாம்படி என்று பேர். தீராத வழக்கை அங்கே கொண்டுபோய், சூடம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வார்கள். அங்கே நின்று சொன்ன வாக்கை அந்தச் சீமையில் யாரும் தட்டமாட்டார்கள். சென்னியப்பன் தன் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே இரண்டு இடத்தில் குந்துகிறவன் என்பது கவுண்டருக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளியங்கிரி யோசித்தார். “செரிங்க. அவரு ஏறிச் சொல்லட்டும். சொன்னா நான் அவரூட்டுல கை நனைக்கறேன்.”

இன்ஸ்பெக்டர் வீரபாகுவுக்கு இது தெரிந்ததும் சைக்கிளில் வந்து சென்னியப்பன் வாசலில் இறங்கினார்.

“ஏறு, வேண்டாங்கல. நானும் வந்து பாப்பேன். மலை ஏறுனா ஆளு திடமா இருக்கறான்னு ரிப்போட்டு எழுதீருவேன். அப்பறம் நஷ்டஈடு, கிஷ்டஈடுன்னு வாயத் தொறக்கப்படாது.”

“ஏறலைன்னா?”

“ஏறலைன்னா நீ சொன்னது பொய்யி.”

“உங்களயெல்லாம் ஒரே ஆத்தாளா பெத்தா?” என்றான் சென்னியப்பன். “எப்பிடிங்க இத்தன பேருக்கும் ஒரே புத்தி?”

இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்வர் பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டான். ஏறினால் மாசம் நாலு ரூபாய் போகும். அதைக் கொண்டு சாகிற வரைக்கும் கஞ்சி குடிக்கலாம். ஏறாவிட்டால் பெண் போவாள். ஏறுகிற வழியில் ஆளே போனாலும் போவான்.

குப்பாயி அழுகிற ஜாதி இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “படியில மூச்சு நின்னு போச்சுன்னா என்ன பண்றது? ஊட்டுல சாவு உழுந்தா கண்ணாலம் ஒரு வருசம் தள்ளிப் போயிருமுங்க.”

“அப்ப சாகாமப் பாத்துக்கறேன்” என்றான் சென்னியப்பன்.

மாசி மாசத்து வெள்ளிக்கிழமை. கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு மலையடியில் வந்து சேர்ந்தார்கள். வெள்ளியங்கிரி, அவர் தம்பி, குப்பாயி, அன்வர் பாட்சா. வீரபாகு குடையும் நோட்டுப் புத்தகமுமாக வந்திருந்தார். அர்த்தநாரிக் கவுண்டர் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியனுப்பினார்.

சென்னியப்பன் ஏறினான். ஏறினான் என்று சொல்வதே அதிகம். பத்துப் படி, குந்தல். எட்டுப் படி, குந்தல். ஒவ்வொரு மூச்சும் துருத்தி கிழிந்த மாதிரி சத்தம் போட்டது. தேங்காய் பழத்தட்டோடு மேலே போன பெண்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வரும்போது, அவன் இன்னும் முதல் மண்டபத்தைத் தாண்டியிருக்கவில்லை.

“என்ன வேண்டுதலுங்க?” என்று ஒருத்தி குப்பாயியைக் கேட்டாள்.

“பத்துப் பன்னெண்டு நாயிங்க வாயை மூடறதுக்கு” என்று மூச்சு வாங்கலுக்கு நடுவில் சென்னியப்பனே பதில் சொன்னான்.

அன்வர் பாட்சா தோளைக் கொடுக்க வந்தான். “தொடாதே. அப்பறம் அதையும் எழுதீருவான் அந்தக் கொடைக்காரன்.”

குடைக்காரர் இரண்டாவது மண்டபத்தில் நின்றுவிட்டார். வயிறு பெருத்தவர், முகமெல்லாம் சிவந்து போயிற்று. “நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்” என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்து, குடையால் விசிறிக்கொண்டார். வியாதிக்காரன் அவரைத் தாண்டி மேலே போனான்.

நாகர் பள்ளத்துக்கு மேலே சென்னியப்பனுக்குக் கண் இருட்டியது. படியில் கையை ஊன்றி, நாலு காலில் நின்றுகொண்டு வெகுநேரம் இருமினான். கோழையை ஓரமாகத் துப்பினான். வெள்ளியங்கிரி சுற்றி வந்து, குனிந்து, அதை நன்றாகப் பார்த்தார். ரத்தம் இல்லை.

“பல்லையும் புடிச்சுப் பாத்துக்குங்க” என்றான் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குப்பாயி அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் சிரித்தாள்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு அறுபதாம்படியில் நின்றான். நின்றான், ஆனால் பேச வாய் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அன்வர் பாட்சா வாங்கி வந்திருந்த சூடத்தைக் குப்பாயி படியில் வைத்துக் கொளுத்தினாள். சூடம் பாதி எரிந்துவிட்டது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் கரைய ஆரம்பித்தது.

“அர்த்தநாரிக் கவுண்டன்… கொல்லை வழியா வந்து… குதிருக்குள்ள இருந்தான். நான் ஒடச்சு… இழுத்துப் போட்டேன். ரெண்டு தடவ போனது… ஆளுக்காவ.” மூச்சு வாங்கினான். “மூணாந் தடவ போனது… அவன் நகைப் பொட்டிக்காவ. அதுக்கு அவன் பொறுப்பில்ல. அது என்ற… கேணத்தனம். இந்த நெஞ்சுல பாதி… அந்தப் பொட்டிக்குப் போனது. என்ற கொடிவழியில… காசம் இல்ல.”

உள்ளங்கையால் சூடத்தை அழுத்தி அணைத்தான். தோல் பொசுங்கினது அவனுக்குத் தெரியவில்லை. மூச்சு பிடிக்கிற அவசரம்.

வெள்ளியங்கிரி குனிந்து, அணைந்த சூடத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பொய் சொல்ல வந்தவன் ஆளைக் காப்பாற்றினேன் என்று சொல்லி நிறுத்தியிருப்பான். பெட்டிக்காகப் போன முட்டாள்தனத்தை மலையேறி வந்து யார் சொல்லுவான்?

“ஏனுங்க அம்மிணி” என்றார் குப்பாயியிடம், “இன்னிக்கு உங்கூட்டுல என்ன சாறு?”

“கொள்ளுச் சாறுங்க.”

“போயி சோறு உங்கலாமுங்க.”

பொழுது சாயும் நேரத்தில் அவரும் தம்பியும் சென்னியப்பன் வீட்டில் கை நனைத்தார்கள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. சந்தையில் ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்ன அர்த்தநாரிக் கவுண்டரை ஆட்கள் கேட்டபோது, “அவன் சொன்னத நான் என்ற காதால கேக்கலையே” என்றார். அதற்கப்புறமும் இரண்டு தேர்தலில் ஜனங்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். ஜனங்களைப் பற்றிச் சென்னியப்பன் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆடியில் போர்டு உத்தரவு வந்தது. அன்வர் பாட்சாவுக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்தான். மனுதாரர் திருச்செங்கோடு மலையில் எழுநூற்றுப் பத்துப் படிகளைத் தன் சொந்தக் காலாலேயே ஏறினதை இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து ரிப்போர்ட் செய்திருப்பதால், மனுதாரர் திடகாத்திரமாக இருப்பதாகப் போர்டு தீர்மானித்து, மனுவைத் தள்ளுபடி செய்கிறது.

“நேர்ல பாத்தானாமா!” என்று அன்வர் பாட்சா கத்தினான். “மண்டபத்துல குந்திக்கிட்டு விசிறிக்கிட்டு இருந்தவன்! அப்பீல் போடலாம் மேஸ்திரி. சேலத்துக்கே போயிக் கேக்கலாம்.”

“சேலத்துல மட்டும் வேற சாதி மனுசனுங்களா இருக்கறானுங்க?” என்றான் சென்னியப்பன். “திடகாத்திரம்னு எழுதியிருக்கறான் பாரு. அத மட்டும் இன்னொருக்காப் படி. கேட்டுக்கறேன்.”

அன்வர் பாட்சா படித்தான். சென்னியப்பன் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, அரை நாழிகை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் மூன்று வருஷம் இருந்தான். குப்பாயியின் களையெடுப்புக் கூலிதான் சோறு. வேலை முடிந்து வரும்போது அன்வர் பாட்சா ஒரு பொட்டலம் வெல்லமோ வெற்றிலையோ கொண்டுவருவான். “பிச்சை போடறயா?” என்று திட்டிக்கொண்டே வாங்கிக்கொள்வான். பேரனைப் பார்த்தான். இருபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது, உட்கார்ந்தபடியே மூச்சு நின்றுவிட்டது.

சாவைப் பதிய மணியக்காரரிடம் வெள்ளியங்கிரியும் அன்வர் பாட்சாவும் போனார்கள். கேட்பதற்கு முன்னாலேயே மணியக்காரர் நோட்டில் காசம் என்று எழுதிவிட்டிருந்தார்.

“அடிங்க அதை!” என்றார் வெள்ளியங்கிரி. “என்ற மருமவளூட்டுல காசம் கெடையாது. அறுபதாம்படியில சொன்ன வாக்கு.”

“கந்தகப் பொகைன்னு எழுதுங்க” என்றான் அன்வர் பாட்சா.

மணியக்காரர் எரிச்சலோடு நோட்டைத் திருப்பிக் காட்டினார். “அப்பிடி ஒரு நோவு இதுல இல்லீங்க. பிளேக்கு, காலரா, அம்மை, காய்ச்சல், காசம், வயித்தால போறது. அதுக்கு மேல ‘மற்றவை’. அவ்வளவுதான் சர்க்கார் போட்டிருக்கற கட்டம்.”

“கட்டம் இல்லீன்னா ஓரத்துல எழுதறது. போர்டு வேலையில குடிச்ச பொகையில செத்தாருங்க இந்த ஆளு!”

“ஓரத்துல எழுதுனா என்னைக் கேப்பாங்கப்பா. போ.”

காசத்தை அடித்துவிட்டு, ‘மற்றவை’யில் ஒரு கோடு போட்டார் மணியக்காரர். வெள்ளியங்கிரிக்குக் கல்யாணம் ஆகாத மகன்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

“இந்த மற்றவைங்கறதுல ஒண்ணும் கெடுதல் இல்லீங்களே?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க.”

“அப்ப அதே இருக்கட்டுமுங்க” என்று வெள்ளியங்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்வர் பாட்சா அவர் முகத்தைப் பார்த்தான். மணியக்காரர் முகத்தைப் பார்த்தான். இவர்களிடம் சொல்லி என்ன? பாடை கட்ட மூங்கில் இன்னும் வந்து சேரவில்லை என்று குப்பாயி சொல்லியிருந்தாள். அதைப் பார்க்கத் திரும்பி நடந்தான்.